உச்சிவேளையில் ஒரு வருகைப் பதிவு

1

என் மகள் அனுவுக்கு என்மேல் ஒரு புகார். கூப்பிட்டால் நான் ஏன் என்று கேட்பதில்லையாம். போன வாரம் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் வாஷிங் மெஷின் தண்ணீரைக் கக்கியிருக்கிறது. கீழேயிருந்து "அம்மா" என்று கத்தினாள். நான் மேலே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நன்றாகவே காதில் விழுந்தது. கை நின்றது, வாய் திறக்கவில்லை. மறுபடி கத்தினாள். அதற்கும் நான் பேசவில்லை. மூன்றாவது தடவைதான் "வாரேன்டி" என்றேன். நனைந்த சாக்ஸோடு மேலே ஏறி வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டாள்: "உனக்குக் காது கேட்கிறது. அப்புறம் ஏன் எப்போதும் மூன்றாவது தடவை?"

பிள்ளை கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. கனடாவுக்கு வந்து இந்த மாதத்தோடு பதினைந்து வருடம். குளிருக்கு உடம்பு பழகிவிட்டது, நாக்கும் பாதி பழகிவிட்டது. இது மட்டும் போகவே இல்லை. வந்த புதிதில் மருத்துவ அட்டை வாங்க ஓர் அரசு அலுவலகத்தில் காத்திருந்தபோது, கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அம்மாள் என் பெயரை ஒரு தடவை சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். ஆள் வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். அட்டை வர இன்னொரு குளிர்காலம் ஆனது. என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "உன் பேரை அவங்க கொதறிச் சொன்னாங்க, அதான் புரியலன்னு சொல்லிக்கோ" என்றார். அவர் கோச்சடையில் வளர்ந்த சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளை, டவுன்காரர். அவருக்கு இதெல்லாம் வேடிக்கை.

அனுவுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் பேச அரைகுறையாக வரும், வாசிக்க வராது. ஆகவே ஊரில் இருக்கிற நீங்களாவது வாசியுங்கள்.

2

பரவை மார்க்கெட்டைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டிலிருந்து வயல்பக்கமாக இறங்கி, கண்மாய்க் கரையோடு போனால் எங்கள் காலனி. என் அப்பாவும் அம்மாவும் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத கூலிக்காரர்கள். ஊரில் எல்லாருமே அப்படித்தான். எங்களுக்குப் பள்ளிக்கூடம் கட்ட அரசாங்கம் பணம் ஒதுக்கியது, இடம் கொடுக்கத்தான் யாரும் முன்வரவில்லை. நிலமுள்ளவர்கள் எல்லாரும் ஒரே குரலில் கையை விரித்தார்கள். கடைசியில் பழைய சுடுகாட்டுப் புறம்போக்கைக் காட்டினார்கள். செத்தவன் வந்து ஆட்சேபணை மனு கொடுக்க மாட்டான் அல்லவா? பனைகளுக்கு நடுவே இரண்டு அறைகள் எழுந்தன. அதில் முதல் வரிசையில் உட்கார்ந்தவள் நான்.

என் அண்ணன் முருகேசன் உட்காரவில்லை. பள்ளிக்கூடம் வருவதற்குள் அவனுக்கு வயது தாண்டிவிட்டது. மாடு மேய்த்தான், பிறகு பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கினான். நான் மேலே மேலே படித்ததற்கு அவன் தோள்தான் காரணம். இதை அவனிடம் சொன்னால், "அடப் போத்தா, பெரிய தோளு" என்பான்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. காலையில் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லலாம். உச்சிப்பொழுது ஆகிவிட்டால் முதல் கூப்பாட்டுக்கும் இரண்டாவதற்கும் வாயைத் திறக்கக் கூடாது. அந்தச் சுடுகாட்டில் இருக்கிற அது இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது என்பார்கள். மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் மனிதர்தான், தைரியமாகப் பேசலாம். எங்கள் வாத்தியார்மார்கள் முதலில் பிரம்பெடுத்துப் பார்த்தார்கள், பிறகு ஓய்ந்துபோனார்கள். இப்போதுள்ள தலைமையாசிரியர் தங்கராசு சார் அறிவியல்காரர், பேயாவது பிசாசாவது என்பவர். அவரும்கூடச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகைப் பதிவு எடுக்கும்போது ஒவ்வொரு பெயரையும் மூன்று தடவை சொல்லுவார். அது முடிவதற்குள் ஒரு பாடவேளை போய்விடும்.

நானும் பொருளாதாரம் படித்தவள். சிரிக்கலாம்தான். ஆனால் நாலு வருடத்துக்கு முன்னால் அண்ணன் மகன் பாண்டிக்கு நடந்ததைக் கேட்ட பிறகு சிரிப்பு வரவில்லை. ஐந்தாம் வகுப்பில் இருந்தான். மத்தியானம் வரிசையாக உட்கார்ந்து பிள்ளைகள் சத்துணவு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இவன் தலையை நிமிர்த்தி, பனங்காட்டுப் பக்கம் பார்த்து, "வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனானாம். தட்டு கையில் இருந்ததாம். அவன் பதில் சொன்னதை எல்லாப் பிள்ளைகளும் கேட்டார்கள். அவனைக் கூப்பிட்ட சத்தத்தை ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. பனங்காட்டுக் கிணற்றிலிருந்து அன்று சாயங்காலம் எடுத்தார்கள்.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, அதுதான் காரணம் என்று நான் போனில் அண்ணனிடம் சண்டை போட்டேன். அவன் என்னைக் கத்தி முடிக்க விட்டான். பிறகு சொன்னான்: "செவரு இல்லாதது நெசந்தான் வள்ளி. கூப்பிட்டது யாரு?"

3

இங்கே என் பிழைப்பு பள்ளிக்கூடச் செலவுக் கணக்கு. நான் இருப்பது புல்வெளி மாகாணம் ஒன்று, எங்கு பார்த்தாலும் கோதுமை, தலைக்கு மேலே அளவுக்கு மிஞ்சின வானம். மாகாண அரசு ஒவ்வொரு பள்ளிக்கும் எவ்வளவு செலவழிக்கிறது, அதனால் நாட்டுக்கு என்ன லாபம் என்று பார்க்கிற மேசையில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். அலுவலகத்தில் என் பெயரைச் சுருக்கி 'வால்' என்பார்கள். தமிழில் அதற்கு என்ன பொருள் என்று நான் இதுவரை சொன்னதில்லை.

கல்விக்குச் செலவழித்தால் நாடு வளருமா? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். வளர்ந்த நாடுகள் நிறையச் செலவழிக்கின்றன, சரி. செலவழித்ததால் வளர்ந்தார்களா, வளர்ந்ததால் கையில் காசு புரண்டு செலவழிக்கிறார்களா? கொட்டிக் கொடுத்தும் எழுந்திருக்காத நாடுகள் இருக்கின்றன. கட்டடம் இருக்கும், வாத்தியார் வரமாட்டார். வாத்தியார் வருவார், பிள்ளை வயிறு காலியாக இருக்கும். இதையெல்லாம் பிரித்துப் பார்க்க எங்கள் ஆட்கள் பெரிய பெரிய சூத்திரம் போடுவார்கள். எல்லாவற்றையும் கெடுப்பது காலம்தான். ஓட்டுக் கேட்கிறவனுக்குத் தவணை ஐந்து வருடம். முதல் வகுப்பில் உட்காருகிற பிள்ளை சம்பாதித்துப் பலன் தர ஒரு தலைமுறை வேண்டும். தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான். இதை என் மேலதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் பனையைக் கண்டதே இல்லை. ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

பலன் வந்தாலும் போட்ட இடத்தில் வருமா என்றால் அதுவும் கிடையாது. எனக்கு எங்கள் ஊரில் போட்ட மத்தியானச் சோற்றின் பலனைக் கனடாக்காரன் வரியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். என் அண்ணன் இன்னும் மூட்டைதான் தூக்குகிறான். இதை எந்த வரைபடத்தில் எந்தக் கோடாகப் போடுவது? இதை நினைக்கிற நாளெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

போன வருடம் பனி விழ ஆரம்பிக்கிற சமயம், மூடுவதற்காகக் குறித்து வைத்திருந்த ஒரு கிராமத்துப் பள்ளியைப் பார்க்க அனுப்பினார்கள். படித்த பிள்ளைகள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்டார்கள், ஊரில் பிறக்கக் குழந்தை இல்லை. மிச்சமிருந்த பிள்ளைகளை ஏற்கெனவே பக்கத்து ஊருக்கு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். காவலாளி சாவியோடு முன்னால் நடந்தார். சுவரில் கோட்டு மாட்டுகிற கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிள்ளையின் பெயர். பன்னிரண்டு ஆனதும் மணி தானாக அடித்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. அடித்து ஓய்ந்ததும் நாங்கள் இரண்டு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம், யாரோ வந்துவிடுவார்கள் என்பதுபோல.

அப்போது தாழ்வாரத்தின் கடைசியிலிருந்து 'வள்ளி' என்று கேட்டது. அந்த மாகாணத்தில் என்னை அந்தப் பெயரால் கூப்பிடுகிற ஒரே ஆள் என் கணவர். அவர் அப்போது வேலையில் இருந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். காவலாளி திரும்பிப் பார்த்து, "நீங்கள் ஏதாவது சொன்னீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் வெளுத்திருந்தது. மிச்ச அறைகளைக் காட்டாமலே கதவைப் பூட்டினார்.

4

அண்ணனின் போன் வந்தது இந்த ஆனி மாதம்.

"வள்ளி, நம்ம பள்ளிக்கூடத்த மூடப் போறாக."

"ஏண்ணே? பிள்ளைக கொறஞ்சு போச்சா?"

"கொறஞ்சுதான் போச்சு. பாதிப் பிள்ளைக இங்கிலீஸ் பள்ளிக்கூடத்து வேன்ல ஏறிப்போகுதுக. இருந்தாலும் இருக்குற பிள்ளைக இருக்குல்ல? அதுகள இல்லைன்னு எழுதிப்புட்டாரு அந்த ஆபீசரு."

விஷயம் இதுதான். அந்தச் சமயம், இல்லாத பிள்ளைகளை இருப்பதாகக் காட்டும் பள்ளிகளைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சோதனை வருகிற நாளில் வேறு ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து உட்காரவைப்பது அங்கங்கே நடக்கிற தில்லுமுல்லு. கல்வி அதிகாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் பள்ளிக்கு வந்திருக்கிறார். இப்போது அங்கே இருக்கிற ஒரே வாத்தியாரான தங்கராசு சார் அன்று விடுப்பு. நேரம் உச்சிவேளை. அதிகாரி பதிவேட்டை எடுத்து, பெயர்களை ஒவ்வொரு தடவை சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் எதிரேதான் உட்கார்ந்திருக்கின்றன. அறியாத குரல், அறியாத ஆள், தலைக்கு நேரே வெயில். ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. தன் பெயர் எது என்று தெரியாத பிள்ளைகள், ஆகவே வாடகைப் பிள்ளைகள் என்று அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். பேய்க்குப் பயந்து பேசாமல் இருந்த பிள்ளைகளையே இல்லாத பிள்ளைகளின் பேய்க்கணக்கில் சேர்த்துவிட்டார், கெட்டது குடி!

மூடினால் பிள்ளைகள் திண்டுக்கல் ரோட்டைத் தாண்டிப் பரவைக்குப் போக வேண்டும். லாரி பறக்கிற ரோடு. அண்ணன் மகள் செல்வி மூன்றாம் வகுப்பு. அவள் அம்மா இப்போதே சொல்லிவிட்டாள், ஒன்றைப் பறிகொடுத்தது போதும், ரோட்டைத் தாண்டி விடமாட்டேன் என்று. இந்தப் பள்ளிக்கூடத்தை மூடினால் செல்வியின் படிப்பும் போனதுதான்.

"நீ அங்க இந்த வேலதான பாக்குற? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றான் அண்ணன்.

5

ஆடியில் விடுப்பெடுத்துக்கொண்டு போனேன். அனு வரவில்லை. நீச்சல் முகாம் இருந்ததாம், மதுரையில் அவளுக்கு என்ன வேலை என்று கேட்டாள். கோச்சடையில் மாமியார் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, காளவாசலில் பஸ் பிடித்து அந்த அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன்.

அதிகாரி கெட்டவர் இல்லை. வயதானவர், காப்பி வாங்கிக் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "மேடம், இதை நான் அறிக்கையில எப்படி எழுதுறது? பிள்ளைகள் பேய்க்குப் பயந்து பேசலைன்னா? எனக்கு மேல இருக்கறவர் என்னைத்தான் டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொல்லுவார்."

"காலைல ஒரு தடவை வந்து கூப்பிட்டுப் பாருங்க சார்."

"நேரம் சொல்லிட்டு வந்தா அது சோதனையா? ஆளைச் செட்டப் பண்ணிட்டாங்கன்னு என் மேலேயே வரும். வேணும்னா மறுபடி வரேன். அதே நேரம், அதே மாதிரி, ஒரு பேரை ஒரு தடவைதான் சொல்லுவேன். பேசினா பிள்ளைங்க. பேசலைன்னா நான் எழுதினது எழுதினதுதான்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கோதுமைக்காட்டுப் பள்ளியைப் பற்றி நான் எழுதிய அறிக்கையும் அப்படிப்பட்டதுதான்.

ஊருக்குப் போய்ச் சொன்னேன். பெற்றவர்கள் எல்லாரும் அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள். பிள்ளைகளும் செல்வியைத்தான் பார்த்தன. பாண்டியின் தங்கச்சி அவள். அவள் பேசினால் மற்றதெல்லாம் பேசும், அவள் வாயை மூடிக்கொண்டால் ஒன்றும் திறக்காது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"படிக்கணும்தான். அதுக்காக அவளப் பதில் சொல்லச் சொல்லுவேனா? அவ சொல்லி, அது அவளக் கூட்டிக்கிட்டுப் போயிருச்சுன்னா? படிப்பு யாருக்கு?"

"அண்ணே, அங்க ஒண்ணும் இல்லண்ணே."

"நீ கனடாவுல அப்படிக் கூப்பிட்டா உடனே ஏன்னு கேப்பியா?"

தங்கராசு சார் அறிவியலையெல்லாம் மறந்துவிட்டு, கண்மாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

6

அதிகாரி சொன்னபடி உச்சிவேளைக்கு வந்தார். ஆடிக்காற்று பனையோலைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் ஊரே நின்றது, ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. அண்ணன் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தான், தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. நான் வாசற்படியில் நின்றேன். பிள்ளைகள் சம்மணமிட்டு, கையைக் கட்டி, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. எல்லாருக்கும் எண்ணெய் வைத்துத் தலை சீவியிருந்தார்கள்.

அதிகாரி பதிவேட்டைத் திறந்தார்.

"செல்வி."

காற்று நின்றுவிட்டது. என் மனப்பிராந்தி என்று நினைக்காதீர்கள், மரத்தடியில் நின்றவர்களும் அண்ணாந்து பார்த்தார்கள். ஓர் ஓலை அசையவில்லை. செல்வி ஜன்னலைப் பார்த்தாள். பக்கத்துப் பிள்ளை அவள் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"உள்ளேன் ஐயா."

கரகரத்த ஆம்பளைக் குரல். ஜன்னலில் அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றான். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று ஜன்னல் வழியாக எத்தனை தடவை பார்த்திருப்பானோ. அவன் பெயரை எந்த வாத்தியாரும் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"யாருய்யா நீ? உன்னையா கூப்பிட்டேன்?" என்றார் அதிகாரி.

"அவ அப்பன் சார். மொதக் கூப்பாட்டுக்கு நான் பதில் சொல்லிட்டேன். எதுவா இருந்தாலும் இனிமே எங்கிட்டதான் வரணும். பிள்ளைகளுக்குப் பயமில்ல. ஒரே ஒரு தடவ, இன்னொரு வாட்டி கூப்பிடுங்க சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்." பிறகு உள்ளே பார்த்துச் சொன்னான்: "சொல்லுத்தா. அப்பன் இங்கனதான் நிக்கிறேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"செல்வி."

"உள்ளேன் ஐயா!" பிள்ளை எழுந்து நின்று அலறியது. அடுத்த பெயர், அடுத்த பெயர். ஒவ்வொன்றும் முதல் கூப்பாட்டுக்கே எழுந்து நின்று கத்தியது. வெளியே தாய்மார்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

பிள்ளைகள் இந்த ஊர்ப் பிள்ளைகள்தான், பள்ளி நடக்கலாம் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார் அதிகாரி. ஜீப்பில் ஏறும்போது அண்ணனைக் கூப்பிட்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

7

அனுவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், நேற்றுக் காலை அண்ணன் கூப்பிட்டான். அங்கே சாயங்காலம். பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியாரம்மா வந்திருக்கிறார், வேனில் போன பிள்ளைகளில் இரண்டு திரும்பி வந்துவிட்டன, செல்வி பெருக்கல் வாய்ப்பாடு சொல்லுகிறாள் என்றெல்லாம் சொன்னான்.

"நீ எப்படிண்ணே இருக்க?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஒண்ணு சொல்றேன், பயப்படாத. மத்தியானமானா கூப்பிடுறாக."

"யாருண்ணே?"

"தெரியல. மூட்டையோட நடந்துக்கிட்டு இருக்கும்போது பின்னாலருந்து வருது. பேரச் சொல்லிக் கூப்பிடல. 'அப்பா'ங்குது."

கிணறு, கைப்பிடிச் சுவர், மனப்பிரமை, டாக்டர் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் முழுவதும் கேட்டுக்கொண்டான்.

"அதெல்லாம் சரி வள்ளி. நான்தான ஏற்கெனவே பதில் சொன்னவன். இப்ப பேசாம இருந்தா நல்லாவா இருக்கும்? 'செல்வி படிச்சு முடிச்சு ஒரு வேலைக்குப் போகட்டும், வாரேன்'னு சொல்லிட்டேன்."

"அண்ணே..."

"கேட்டுக்கிருச்சு போல. அன்னையிலருந்து ஒரு தடவதான் கூப்பிடுது. ஆனா எம்புட்டு நாளுன்னு நான் சொல்லல, எனக்கு அந்தக் கணக்கு தெரியாதுல்ல. நீ அங்க அதைத்தான பாக்குற? மூணாங் கிளாஸ் பிள்ள படிச்சு ஆளாகுறதுக்கு எம்புட்டு வருசம் ஆகும்? கொஞ்சம் கூடவே போட்டுச் சொல்லு. நான் நாளைக்கி மத்தியானம் அதச் சொல்லிப்புடுறேன்."